ஹைப்பர்மாடர்ன் ஓப்பனிங்: வாங்கலாமா, வேணாமா? ஆடிப் பார்த்தவனோட ரிவ்யூ

செஸ் கோர்ஸ் ரிவ்யூ எழுதலாம்னுதான் உக்காந்தேன், எழுத எழுத அது ஓப்பனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ் வரிசை) ரிவ்யூவா மாறிடுச்சு, ஏன்னா கோர்ஸ்ல நான் பார்த்த குறையில பாதி அந்த ஓப்பனிங்குகளுக்கே உள்ள குறை. சரி, ரெண்டையும் சேர்த்தே சொல்லிடறேன். நான் வாங்கினது ஒரு வீடியோ கோர்ஸ், பேர் வேணாம், இதே மாதிரி நாலஞ்சு விக்கறாங்க, எல்லாத்தோட விளம்பரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தியரி, அதாவது மனப்பாடம் பண்ண வேண்டிய மூவ் வரிசை, படிக்கவே வேணாம், எதிராளி என்ன ஆடினாலும் நீங்க அதே அஞ்சு மூவ், குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7, டி6, கேஸ்லிங், அவ்ளோதான் முடிஞ்சதுன்னு சொல்வாங்க. (எஃப்6, ஜி7-ங்கறது போர்டுல கட்டத்தோட பேர், எழுத்து நெட்டு வரிசை, நம்பர் குறுக்கு வரிசை, காய் பேர் சொல்லலன்னா அது சிப்பாய். கேஸ்லிங்னா ராஜாவை ஓரமா நகர்த்தி யானையை பக்கத்துல கொண்டு வர்றது.) கோர்ஸ்ல வர்ற ஓப்பனிங்குகள், கறுப்புக்கு கிங்ஸ் இந்தியன், பிர்க், கொஞ்சம் க்ரூன்ஃபெல்ட், ஓரமா அலெக்கைன். வெள்ளைக்கு ரெட்டி.

அவசரமா இருக்கறவங்களுக்கு: ஓப்பனிங்குகள் அருமை, விளம்பரம் சுத்தப் பொய். முதல் அஞ்சு மூவ் நிஜமாவே ஃப்ரீதான். பில்லு ஏழாவது மூவுக்கு மேலதான் வருது, அதுவும் சின்ன பில்லு இல்ல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன், தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்கு போயிடுங்க. ஸ்டைனிட்ஸ், டாராஷ்னு பழைய மாஸ்டர்கள் காலத்து பாடம் என்னன்னா நடு நாலு கட்டம்தான் எல்லாம், ஈ4, டி4-னு சிப்பாயை கொண்டு போய் நிறுத்து, பின்னாடியே குதிரை பிஷப்பை கொண்டு வா, கேஸ்லிங் பண்ணு. இன்னிக்கும் நம்ம ஊர் அகாடமியில சின்னப் பசங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்க, தப்பே இல்ல. முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட ஒரு கோஷ்டி கிளம்புச்சு, நிம்சோவிச், ரெட்டி, ப்ரேயர், க்ரூன்ஃபெல்ட், டார்டகோவர்னு. நடுவுல சிப்பாயை நிறுத்தியே ஆகணும்னு யார் சொன்னது, ஓரத்துல இருந்து பிஷப்பையும் குதிரையையும் வெச்சு கன்ட்ரோல் பண்ணா போதாதா, எதிராளி ஆசைப்பட்டு நாலு சிப்பாயை முன்னாடி தள்ளட்டும், அவ்ளோத்தையும் அவன்தானே காப்பாத்தணும், நாம அதையே அடிப்போம்னு கேட்டாங்க. பந்திக்கு முந்து படைக்குப் பிந்துன்னு நம்ம பாட்டிமார் சொன்னதுல ரெண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கிட்ட கூட்டம்னு வெச்சுக்கோங்க. ஹைப்பர்மாடர்ன்ங்கற பேர் டார்டகோவர் வெச்சது, மனுஷனுக்கு நக்கல் ஜாஸ்தி.

இதுல இன்னொரு சமாச்சாரம், இந்த கோஷ்டி கண்டுபிடிச்சாங்கன்னு சொல்ற நிறைய விஷயத்தை அதுக்கு எழுபது வருஷம் முன்னாடியே கல்கத்தாவுல ஒருத்தர் ஆடிட்டு இருந்தார். மொஹேஷ்சந்தர் பானர்ஜி. ஜான் கோக்ரேன்னு ஒரு ஸ்காட்லாந்து வக்கீல் அங்க இருந்தார், ரெண்டு பேரும் ஏகப்பட்ட ஆட்டம் ஆடியிருக்காங்க, கோக்ரேன் எழுதி வெச்சதால அது இன்னிக்கும் கிடைக்குது. 1855-ல ஆடின ஒரு ஆட்டத்துல பானர்ஜி கறுப்புல குதிரை எஃப்6, ஜி6, மூணாவது மூவ் டி5-னு ஆடியிருக்கார், அது அப்படியே க்ரூன்ஃபெல்ட். க்ரூன்ஃபெல்ட் பொறந்தது 1893-ல, கணக்கு போட்டுக்கோங்க. நம்ம நாட்டு பழைய ரூல்ல சிப்பாய் முதல் மூவ்லயே ரெண்டு கட்டம் பாயாது, ஒவ்வொரு கட்டமாத்தான் நகரும், அப்படி ஆடிப் பழகினவருக்கு டி6, ஜி6, பிஷப் ஜி7-ங்கறது கை தானா போற இடம். கிங்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன், குயின்ஸ் இந்தியன்னு பேர்ல எல்லாம் இந்தியன் ஒட்டிக்கிட்டு இருக்கறது இதனாலதான். இதைப் பத்தி கோர்ஸ்ல ஒரு வார்த்தை இல்ல. இந்தியாக்காரன்கிட்ட இந்தியன் டிஃபென்ஸ் விக்கறவங்க இதையாவது சொல்லியிருக்கலாம், சரி போகட்டும்.

இப்ப நல்லது என்னன்னு பார்ப்போம். இந்த ஐடியா வேலை செய்யும்ங்கறதுக்கு நம்பர் ஒன் சாட்சி 1924 நியூயார்க் டோர்னமென்ட். கபாப்ளாங்கா உலக சாம்பியன், எட்டு வருஷமா ஒரு ஆட்டம்கூட தோத்ததில்ல. ரெட்டி அவரோட ஆடறப்ப முதல் மூவ் குதிரை எஃப்3, அப்புறம் சி4, பி4, ரெண்டு பிஷப்பும் பி2, ஜி2-னு ஓரத்துல, நடுவுல ஒரு சிப்பாயும் கிடையாது. கபாப்ளாங்கா ஈ5 தள்ளி நல்லா இடம் பிடிச்சு உக்கார்றார், ரெட்டி 16-வது மூவ் வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் டி4 தள்றார், அதுக்கப்புறம் கறுப்போட நடு கழண்டு போய் 31 மூவ்ல ஆட்டம் காலி. அதே டோர்னமென்ட்ல பொகோல்யுபோவை அடிச்ச ஆட்டத்துக்கு முதல் ப்ரில்லியன்ஸி ப்ரைஸ், அதாவது அழகான ஆட்டத்துக்கான பரிசு. ஆனா விக்கறவங்க சொல்லாத விஷயம், அந்த டோர்னமென்ட்டை ஜெயிச்சது ரெட்டி இல்ல, 55 வயசு எமானுவல் லாஸ்கர். ரெண்டாவது கபாப்ளாங்கா, மூணாவது அலெக்கைன். புது ஓப்பனிங் வெச்சு சாம்பியனை ஒரு நாள் சாய்க்கலாம், ஆனா டோர்னமென்ட் ஜெயிக்க மிச்ச செஸ்ஸும் தெரிஞ்சிருக்கணும்.

எனக்கு இதுல பிடிச்ச முதல் விஷயம், கறுப்புல ஆடறப்பவும் ஜெயிக்கப் பார்க்கலாம். ஈ4 ஈ5, டி4 டி5-னு ஆடினா எதிராளி ட்ரா வேணும்னு முடிவு பண்ணிட்டா காயெல்லாம் மாத்திக்கிட்டு ட்ரா எடுத்துட்டு டீ குடிக்க போயிடலாம், கடைசி ரவுண்டுல ஜெயிச்சே ஆகணும்னு உக்கார்றவனுக்கு அது கொடுமை. கிங்ஸ் இந்தியன்ல அந்த பேச்சே கிடையாது, யாராவது ஒருத்தர் கழுத்துல கத்தி வந்தே தீரும்.

அதை கொஞ்சம் கிட்டத்துல காட்டறேன், ஏன்னா மொத்த ரிவ்யூவும் இந்த ஒரு பொசிஷன்ல இருக்கு. வெள்ளை டி4, சி4, குதிரை சி3, ஈ4, குதிரை எஃப்3, பிஷப் ஈ2, கேஸ்லிங். கறுப்பு அந்த அஞ்சு மூவ், அப்புறம் ஈ5, அடுத்து குதிரை சி6. வெள்ளை எட்டாவது மூவ்ல டி5 தள்ளும், கறுப்பு குதிரை ஈ7-க்கு போயிடும். 1953-ல மார் டெல் ப்ளாட்டாவுல நஜ்டார்ஃப், க்ளிகோரிச் ஆட்டத்துக்கு அப்புறம் இதுக்கு அந்த ஊர் பேரே வந்துடுச்சு. இப்ப நடு மொத்தமா பூட்டியாச்சு. வெள்ளை ராணி பக்கம் சி5 தள்ளி சி வரிசையை திறந்து சி7 வழியா உள்ள வரும், கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5, ஜி4-னு ராஜா பக்கம் சிப்பாய் ஊர்வலம். யார் முன்னாடி போய் சேர்றாங்கங்கறதுதான் ஆட்டம். இதுல வேடிக்கை என்னன்னா கறுப்போட யானை எஃப்7-க்கு வரும், அங்கிருந்து ஏழாவது வரிசை முழுக்க சி7-ஐ காக்கும், ஜி7 பிஷப் பின்னாடி எஃப்8-க்கு போய் டி6-ஐ பிடிச்சுக்கும், நேரம் வந்தா அதே யானை ஜி7-க்கு போய் அடிக்கற பக்கம் சேர்ந்துக்கும், ஒரே ஆள் ரெண்டு ஷிஃப்ட். அப்புறம் சி8-ல ஒரு பிஷப் நகராமலேயே இருக்கும் பாருங்க, புதுசா பார்க்கறவன் ஐயய்யோ டெவலப்பே ஆகலையேன்னு அதை எடுத்து எங்கயாவது வெச்சு மாத்திக்குவான், அதோட ஆட்டம் முடிஞ்சது, ஏன்னா ஜி4 தள்ளறதுக்கு துணையும் கடைசியில ஹெச்3-ல விழுந்து ராஜா கூரையை பிரிக்கறதும் அந்த பிஷப்தான். விஷயம் தெரிஞ்சு வெள்ளை ஆடறவன் தன் குதிரையை பி5, ஏ7-னு அலைய விட்டாவது அந்த பிஷப்பை பிடிச்சு மாத்திக்கப் பார்ப்பான். காய் மதிப்புன்னு புஸ்தகத்துல போட்டிருக்கிற மூணு மூணரை எல்லாம் இங்க செல்லாது.

இந்த இடத்தை கோர்ஸ் நல்லாவே சொல்லித் தருது, அதை மறுக்க மாட்டேன். வாத்தியார் ஒவ்வொரு மூவுக்கும் நின்னு, இப்ப வெள்ளை என்ன மிரட்டுது, இப்ப நீ தடுக்கணுமா இல்ல விட்டுட்டு அடிக்கணுமான்னு கேள்வி கேட்டு நிறுத்தறார், யோசிச்ச பிறகு பதில். பிரச்சினை என்னன்னா கோர்ஸ்ல வர்ற வெள்ளை ரொம்ப நல்லவரா இருக்கார், கறுப்பு ஆசைப்படற மாதிரியே ஆடித் தர்றார். நிஜத்துல எவன் சார் அப்படி ஆடறான்? ஒருத்தன் எஃப்3 போட்டு சாமிஷ் ஆடி ராணி பக்கம் கேஸ்லிங் பண்ணி அவன் ஹெச் சிப்பாயை தள்ளிட்டு வர்றான், இன்னொருத்தன் ஒன்பதாவது மூவ் பி4 போட்டு பேயனட் ஆடறான், மூணாவது ஆள் சி4-ஏ போடாம பிஷப் எஃப்4 வெச்சு லண்டன் ஆடிட்டு ஜாலியா இருக்கான். நீங்களே ஆன்லைன்ல பாருங்க, டி4-க்கு அப்புறம் பாதி பேர் லண்டன்தான். அதுக்கு கோர்ஸ்ல ஒரு குட்டி வீடியோ, அதே செட்டப் ஆடுங்கன்னு சொல்லிட்டு முடிச்சிட்டாங்க. அதே செட்டப் ஆடலாம், தப்பில்ல, ஆனா சி5-ஆ ஈ5-ஆ, எதை எப்ப உடைக்கறதுன்னு சொல்லாம செட்டப் மட்டும் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம், வீட்டு சாவியை கொடுத்துட்டு எந்த தெருன்னு சொல்லாத மாதிரி.

பேயனட்னு சொன்னதும் ஞாபகம் வருது, முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் கிங்ஸ் இந்தியனோட பெரிய பிராண்ட் அம்பாசிடர். அவரே 1997-ல நோவ்கோரோட்ல க்ராம்னிக் இந்த பி4 லைன்ல அடிச்சதுக்கப்புறம் கிங்ஸ் இந்தியனை கிட்டத்தட்ட கைவிட்டுட்டார். அதுக்காக ஓப்பனிங் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த லெவல் ஆளுங்களுக்கு இருக்கற தலைவலி நமக்கு இல்ல. எஞ்சின், அதாவது செஸ் ஆடற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம், போட்டுப் பார்த்தா வெள்ளைக்கு நல்லாவே சாதகம்னு காட்டும், பயந்துடாதீங்க. எஞ்சினுக்கு இடம் ஜாஸ்தி இருந்தா பிடிக்கும், அதுக்கு வேர்க்கறதில்ல. எதிர்ல உக்காந்திருக்கற மனுஷனுக்கு தன் ராஜா முன்னாடி மூணு சிப்பாய் வந்து நிக்கறப்ப கை நடுங்கும், அதுதான் இந்த ஓப்பனிங்கோட முதலீடு.

அடுத்தது க்ரூன்ஃபெல்ட். மொத்த கூட்டத்துலயும் சுத்தமான ஹைப்பர்மாடர்ன் இதுதான்னு நான் சொல்வேன். வெள்ளைக்கு நடுவை தட்டுல வெச்சு கொடுக்கறது, டி5-ல அடிச்சு, குதிரையை சி3-ல மாத்திக்கிட்டு, சி3, டி4, ஈ4-னு மூணு சிப்பாய் வரிசையா நிக்கறதை வேடிக்கை பார்க்கறது. அப்புறம் சி5, குதிரை சி6, பிஷப் ஜி4, யானை டி8, எல்லாம் டி4 மேல. வெள்ளை பொறுக்க மாட்டாம டி5 தள்ளினா ஜி7 பிஷப்புக்கு மூலை வரைக்கும் ரோடு திறந்துடும். காப்பாத்திக்கிட்டே இருந்தா காய் எல்லாம் அதுக்கே காவல் நிக்கணும். 1922-ல வியன்னாவுல க்ரூன்ஃபெல்ட் இதை வெச்சு அலெக்கைனையே ஜெயிச்சார். 1956-ல 13 வயசு ஃபிஷர் டொனால்ட் பைர்னுக்கு எதிரா 17-வது மூவ்ல பிஷப்பை ஈ6-ல வெச்சு ராணியை விட்டுக் கொடுத்த ஆட்டம், அதுவும் க்ரூன்ஃபெல்ட்தான். யூடியூப்ல பார்க்காதவங்க இருக்கவே முடியாது.

இவ்ளோ நல்லதா இருந்தும் நான் இதுக்கு ஏன் முழு ஸ்டார் தரலன்னா, மன்னிக்காது சார். ஒரு மூவ் மறந்தா செத்தோம். நம்ம ஆனந்தை எடுத்துக்கோங்க, 2010 சோஃபியா, டோபலோவோட உலக சாம்பியன்ஷிப் மேட்ச். ஐஸ்லாந்து எரிமலை சாம்பலால ஃப்ளைட் எல்லாம் நின்னு போய் ஃப்ராங்ஃபர்ட்ல இருந்து ரோட்டு வழியாவே சோஃபியா போய் சேர்ந்தார். முதல் ஆட்டம் கறுப்பு, க்ரூன்ஃபெல்ட். தயார் பண்ணின லைன்லயே மூவ் வரிசை முன்னபின்ன ஆகி 23-வது மூவ் ராஜாவை எஃப்7-ல வெச்சார், டோபலோவ் குதிரையை எஃப்6-ல போட்டு உடைச்சார், 30 மூவ்ல முடிஞ்சு போச்சு. உலக சாம்பியன், பின்னாடி ஒரு டீமே வேலை செய்யுது, அவருக்கே ஒரு மூவ் தவறினா இந்த கதின்னா, ஆபீஸ் முடிச்சு மெட்ரோவுல போன்ல லைன் பார்த்துட்டு வீக்எண்ட் டோர்னமென்ட் ஆடற நாம எங்க? அதே மேட்ச்ல இன்னொரு பக்கமும் இருக்கு. ரெண்டாவது ஆட்டமும் நாலாவது ஆட்டமும் ஆனந்த் வெள்ளையில கேட்டலன் ஆடி ஜெயிச்சார். டி4, சி4-னு நடுவுல கிளாசிக்கலா நின்னுக்கிட்டு ஜி3, பிஷப் ஜி2-னு ஓரத்துல ஹைப்பர்மாடர்ன் பிஷப், பாதிக்குப் பாதி கலவை. ஒரே மனுஷன், ஒரே மேட்ச், ஜி வரிசை பிஷப்பாலேயே ஒரு அடி, அதே பிஷப்பாலேயே ரெண்டு வெற்றி. வெள்ளையா ஒரு மூவ் கையில அதிகமா இருக்கறப்ப இந்த ஐடியா எவ்ளோ பத்திரமா ஆகுதுன்னு இதுல தெரியும்.

பிர்க், அதோட அண்ணன் தம்பி மாதிரி மாடர்ன்னு இன்னொரு ஓப்பனிங். இதைத்தான் விளம்பரத்துல முன்னாடி நிறுத்தறாங்க, என்னைக் கேட்டா மொத்த பாக்கெட்லயே மோசமான சரக்கு இதுதான், அதாவது புதுசா ஆடறவங்களுக்கு. கிங்ஸ் இந்தியன்ல வெள்ளை சி4 தள்ளினதுல ஒரு மூவ் செலவாகியிருக்கும், நடுவுல டி4 கட்டமும் கொஞ்சம் லூசா இருக்கும். பிர்க்ல வெள்ளை அந்த மூவை மிச்சம் பண்ணி நேரா அடிக்க வந்துடும். எஃப்4 போட்டு ஆஸ்ட்ரியன் அட்டாக்னு ஒண்ணு, அதுக்காவது தியரி தெரியணும். தெரியாதவனுக்கும் ஒரு வழி இருக்கு, பிஷப் ஈ3, ராணி டி2, பிஷப் ஹெச்6, உன் ஜி7 பிஷப்பை மாத்திக்கோ, ஹெச்4, ஹெச்5, வரிசையை திற, மேட். இதுக்கு மூளையே வேணாம், பத்து வயசு பையன் ஆடிட்டு போயிடுவான். ஜி6 தள்ளின உடனே ராஜாவை சுத்தி கறுப்பு கட்டமெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டையை அடைச்சிட்டு இருக்கற ஒரே ஆள் ஜி7 பிஷப், அது மாறிப் போச்சுன்னா வீட்டுக்கு கதவே இல்ல. அதுலயும் 2017-ல ஆல்ஃபாஜீரோங்கற கம்ப்யூட்டர் ப்ரோக்ராமோட ஆட்டங்கள் வந்ததுல இருந்து ஹெச் சிப்பாயை தள்றது ஃபேஷன் ஆயிடுச்சு, ஜி6-ஐ பார்த்தாலே எல்லாருக்கும் கை ஊறுது.

பிர்க்னா எல்லாரும் காட்டற ஆட்டம் 1999 விக்கான்ஸே, காஸ்பரோவ் வெள்ளை, டோபலோவ் கறுப்பு. அங்கயும் இதே பிஷப் ஈ3, ராணி டி2, பிஷப் ஹெச்6 மாத்திக்கறதுதான் ஆரம்பம், அப்புறம் 24-வது மூவ் யானையை டி4-ல தூக்கிப் போட்டு கறுப்பு ராஜாவை வெள்ளையோட முதல் வரிசை டி1 வரைக்கும் இழுத்துட்டு வந்து முடிச்சார். நியாயமா சொல்லணும்னா அதுல பிர்க் மேல பழி போட முடியாது, அந்த யானையை எடுக்காம ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தா கறுப்பு தாக்குப் பிடிச்சிருக்கும். ஆனா உலகத்தோட டாப் ஆட்டக்காரர்கள்ல ஒருத்தரா இருந்தவருக்கே அந்த மூவ் கண்ணுல படலன்னா நமக்கு அஞ்சு நிமிஷ ஆட்டத்துல படுமா? ப்ளிட்ஸ்ல, அதாவது சில நிமிஷ வேக ஆட்டத்துல, பிர்க் ஆடுங்க, ஜாலியா இருக்கும், மூவ் வேகமா ஓடும், கடிகாரத்துல நேரம் மிஞ்சும். ஸ்லோ கேம்ல ரேட்டிங் வெச்சு ஆடறப்ப வேணாம்.

அலெக்கைன் டிஃபென்ஸ் பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. ஈ4-க்கு குதிரை எஃப்6, வா வந்து துரத்துன்னு கூப்பிடறது, 1921-ல புடாபெஸ்ட்ல அலெக்கைன் ஆடி பேர் வாங்கினது. 1972 ரேக்யாவிக் உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல ஃபிஷர் 13-வது ஆட்டத்துல ஸ்பாஸ்கிக்கு எதிரா கறுப்புல ஆடி ஜெயிச்சார், அந்த எண்ட்கேமை இன்னிக்கு வரைக்கும் பேசறாங்க. நாலு சிப்பாயை தள்ளிட்டு வர்றவனுக்கு எதிரா ஆட செம ஜாலி, நாலாவது மூவ்ல அமைதியா குதிரை எஃப்3 ஆடிட்டு சின்ன சாதகத்தை வெச்சுக்கிட்டு உக்கார்றவனுக்கு எதிரா ரொம்ப போர். எப்பவாவது ஒரு நாள் எடுக்கறதுக்கு ஓகே.

கோர்ஸ்ல இல்லாத ஒண்ணைப் பத்தி சொல்லியே ஆகணும், நிம்சோ இந்தியன். டி4 குதிரை எஃப்6, சி4 ஈ6, குதிரை சி3 பிஷப் பி4. ஹைப்பர்மாடர்ன் கோஷ்டி உலகத்துக்கு கொடுத்ததுலயே சிறந்த பொருள் இதுதான்னு நான் அடிச்சு சொல்வேன். நடுவுல சிப்பாய் போடல, ஆனா ஈ4-ஐ தள்ள விடாம குதிரையை பிடிச்சு வெச்சிருக்கு. தேவைப்பட்டா பிஷப்பை கொடுத்து வெள்ளைக்கு சி வரிசையில ரெட்டை சிப்பாய் வரவெச்சு அதையே முற்றுகை போடலாம். மூச்சு முட்டாது, ராஜா பக்கம் ஓட்டை இல்ல, டி5-ஓ சி5-ஓ டி6 ஈ5-ஓ, ஆட்டம் போற போக்குக்கு ஏத்த மாதிரி முடிவு பண்ணிக்கலாம். உலக சாம்பியன்கள்ல இதை ஆடாதவங்களைத்தான் தேடணும். அப்படி இருந்தும் கோர்ஸ்ல ஏன் இல்லைன்னா, அந்த அஞ்சு மூவ் விளம்பரத்துல இது அடங்காது. வெள்ளை மூணாவது மூவ் குதிரையை சி3-ல வெக்காம எஃப்3-ல வெச்சா நீங்க குயின்ஸ் இந்தியனோ வேற ஏதோ ஒண்ணோ தனியா படிக்கணும், அதை விக்கறது கஷ்டம். இருக்கறதுலயே நல்லதை விட்டுட்டு சுலபமா விக்கறதை மட்டும் பாக்கெட் போட்டிருக்காங்க, எனக்கு கடுப்பானது இங்கதான்.

வெள்ளைக்கு ரெட்டி. இந்த பகுதிக்காகவே கோர்ஸ் வாங்கலாம். குதிரை எஃப்3 ஆடிட்டு எதிராளி முகத்தை பாருங்க, அவன் படிச்சிட்டு வந்தது எல்லாம் ஈ4, டி4-க்கு. டி5-னு ஆடுவான், நீங்க சி4. எடுத்தா ஒரு கதை, டி4 தள்ளினா ஒரு கதை, காப்பாத்தினா ஜி3 பிஷப் ஜி2 பி3 பிஷப் பி2. நினைச்சா கேட்டலன், நினைச்சா இங்கிலிஷ் ஓப்பனிங், எந்த வாசல் வழியா வேணும்னாலும் உள்ள போகலாம். இது பழைய சரக்குன்னு நினைக்கறவங்க 2024 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப் பாருங்க, குகேஷ் 11-வது ஆட்டத்துல டிங் லிரெனுக்கு எதிரா இதைத்தான் எடுத்தார், குதிரை எஃப்3 டி5, சி4 டி4, மூணாவது மூவ் பி4. நூறு வருஷம் முன்னாடி ரெட்டி தள்ளின அதே பி சிப்பாய். ரெண்டு பேருமே ஆரம்பத்துலயே கடிகாரத்துல நிறைய கரைச்சாங்க, கடைசியில நேர நெருக்கடியில டிங் தப்பு பண்ணி 29 மூவ்ல ஆட்டம் குகேஷுக்கு. ஓப்பனிங்கே ஜெயிச்சு கொடுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா எதிராளியை நாலாவது மூவ்லயே தனியா யோசிக்க வெச்சது அதுதான்.

ரெட்டியில குறை என்னன்னா, எதிராளி ஒண்ணும் பண்ணாம சும்மா நல்லா டெவலப் பண்ணிட்டு உக்காந்தா உங்களுக்கும் ஒண்ணும் இருக்காது. நடுவை உடைக்க தைரியம் வராம ஆமை மாதிரி ஓட்டுக்குள்ளேயே இருந்துட்டு ட்ரா எடுத்துட்டு வர்றவங்களை க்ளப்ல நிறைய பார்க்கறேன். ரெட்டியே சில ஆட்டங்கள்ல ராணியை ஏ1 மூலையில கொண்டு போய் பி2 பிஷப்புக்கு பின்னாடி நிறுத்தினார், மொத்த பேட்டரியும் அந்த ஒரே கோட்டுல. பார்க்க பைத்தியக்காரத்தனமா இருக்கும், ஆனா அவருக்கு எந்த நிமிஷம் நடுவை திறக்கணும்னு தெரியும். அது தெரியலன்னா ராணி மூலையில படுத்து தூங்கும்.

யாருக்கு இது? ரேட்டிங் ஆயிரத்துக்கு கீழ இருக்கறவங்க தயவு செஞ்சு வேணாம். உங்க லெவல்ல ஆட்டம் ஜெயிக்கறதும் தோக்கறதும் யார் காயை சும்மா விடறாங்கங்கறதுல, அதுக்கு ஈ4 ஈ5 ஆடி காயை வெளிய கொண்டு வந்து திறந்த ஆட்டம் ஆடணும், அப்பதான் டாக்டிக்ஸ் வளரும். நெருக்கடியான பொசிஷன்ல எப்படி மூச்சு விடறதுன்னு முதல்லயே பழக ஆரம்பிச்சா கண்ணு அதுக்கே செட் ஆயிடும். குழந்தைக்கு வாங்கித் தர்ற அப்பா அம்மா, உங்க பிள்ளையோட கோச் திட்டினா கோச் பக்கம்தான் நான். அதுக்கு மேல இருக்கறவங்க, அடி வாங்கிட்டே சிரிக்கத் தெரிஞ்சவங்க, முதல் பதினஞ்சு மூவ் எதிராளி நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் பதறாதவங்க, கிங்ஸ் இந்தியன் எடுங்க. ஞாபக சக்தி இருக்கு, உக்காந்து படிக்க நேரமும் இருக்குன்னா க்ரூன்ஃபெல்ட். இது எதுவும் இல்ல, நிம்மதியா ஆடணும்னா நிம்சோ, ஆனா அதுக்கு வேற கோர்ஸ் பார்க்கணும்.

கோர்ஸ் சமாச்சாரம் மிச்சம் இருக்கு. வீடியோ குவாலிட்டி நல்லாருக்கு, ஆடியோ தெளிவு, போர்டு பெருசா தெரியுது, மொபைல்ல பார்க்கவும் ஓகே. லைன் மனப்பாடம் பண்ற ட்ரெயினர் இருக்கு, ஆனா அது நீங்க வேற நல்ல மூவ் ஆடினாலும் தப்புன்னு சிவப்பு காட்டும், ஏன் தப்புன்னு சொல்லாது. இந்த மாதிரி ஓப்பனிங்ல இது பெரிய குறை, ஏன்னா இங்க மூவ் வரிசை நாலு விதமா மாறி மாறி ஒரே இடத்துக்கு வரும். பிடிஎஃப்ல அங்கங்க தப்பு, ஒரு இடத்துல வெள்ளைக்கு சாதகம்னு போட்டிருக்கிற டயக்ராம்ல கறுப்பு ஒரு காய் மேல இருக்கு. சாமிஷ் சாப்டர் ஏன் இவ்ளோ சின்னதா இருக்குன்னு சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், உங்க கருத்துக்கு நன்றின்னு ஒரு ரெடிமேட் பதில் வந்துச்சு, அதோட சரி. விலை ஆஃபர் இல்லாத நாள்ல கொஞ்சம் ஜாஸ்தி, பண்டிகை சமயத்துல பாதிக்கு கிடைக்கும், அப்ப வாங்குங்க.

ஸ்டார் போடணும்னா ரெட்டி பகுதிக்கு அஞ்சுக்கு நாலரை, கிங்ஸ் இந்தியனுக்கு நாலு, க்ரூன்ஃபெல்ட் மூணரை, அலெக்கைன் மூணு, பிர்க்குக்கு ரெண்டு, அதையும் ப்ளிட்ஸுக்காகத்தான் தர்றேன். விளம்பரத்துக்கு ஸ்டார் கிடையாது. சாமிஷும் லண்டனும் ஒழுங்கா சேர்த்து அப்டேட் விட்டாங்கன்னா வந்து இந்த ரிவ்யூவை எடிட் பண்றேன்.